ஆராய்ச்சிக்கு மட்டும்

உயர்தர வகுப்பிலே சங்கச் செய்யுள்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஆண்டுதோறும் சந்திக்கின்ற இடர்ப்பாடு ஒன்று உண்டு. மாமை என்னும் சொல்லை மாணவருக்கு விளக்குவதே அது. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் கூறுவர். கருமை கலந்த அந்நிறத்தையே பெண்ணின் அழகெனப் பழம் புலவர் கண்டனர். காதலன் பிரிந்தவிடத்து அவ்வழகு கெட்டு மேனியிலே வெளிறிய நிறம் படர்கின்றது. அதற்குப் பசலை என்று பெயர். வள்ளுவர் இவ்வெளிறலுக்கென்றே 'பசப்புறு பருவரல்' என ஓர் அதிகாரம் வகுத்துப் பத்துக் குறள்களைச் செய்துள்ளார். வெள்ளிவீதியார் தம் மாமையைப் பசலை உண்பதாகக் கூறிப் புலம்புகின்றார். நிறம் வெளிறுதல் துன்பத்தின் அடையாளம் என்று நான் சொல்லும்போது வகுப்பிலே ஒரு மயக்கம் தோன்றும். தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் நாள்தோறும் இதற்கு நேர்மாறான பாடத்தைப் பயின்று வருகின்ற பிள்ளைகள் அவர்கள். "அப்ப அந்தக் காலத்திலை கறுப்பெண்டால் வடிவோ, ரீச்சர்?" என்று ஒருமுறை மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டது இலக்கிய வினா அன்று என்பதை அவளுடைய முகமே காட்டிற்று.

பழந்தமிழர் நிறபேதம் அறியாதவர் என மார்தட்டுவதற்காக இதனை நான் கூறவில்லை. அத்தகைய மார்தட்டல்களால் நம் மேடைகள் போதிய அளவு நிறைந்துள்ளன. வெயிலில் நின்று உழைப்பவரின் நிறம் வேறு, நிழலில் இருந்து உண்பவரின் நிறம் வேறு என்ற எண்ணம் நிலவுடைமைச் சமுதாயத்திலேயே வேரூன்றிவிட்டது. பின்வந்த வெள்ளையர் ஆட்சி அதற்கு அரச முத்திரை குத்தியது. இன்றைய சந்தை அதனைப் போத்தலில் அடைத்து விலை குறித்தது. 1975இல் இந்தியாவிலே விற்பனைக்கு வந்த 'பெயார் அன்ட் லவ்லி' என்னும் பூச்சு, 45 ஆண்டுகளின் பின்னர், 2020இல், அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் நடத்திய கிளர்ச்சியின் அதிர்வு உலகெங்கும் பரவிய வேளையில், தன் பெயரிலுள்ள முதற் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டது. 'பெயார்' போய் 'குளோ' வந்தது. சொல்லை மாற்றினாற் பொருள் மாறிவிடும் என்று கருதுவோர் தமிழாசிரியர் மட்டுமல்லர் போலும்.

சென்ற ஆண்டு இவ்விடயம் வேறொரு வடிவிலே என் வீட்டு வாயிலுக்கு வந்தது. என்னிடம் சாதாரண தரம்வரை படித்து, குடும்ப நிலை காரணமாக மேலே படிக்க இயலாது போய், நகரத்து அழகு நிலையமொன்றிலே வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்ணொருத்தி, ஒரு மாலைப்பொழுதில் ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் ஒன்றுடன் வந்தாள். "ரீச்சர், இதைத் தமிழிலை எழுதித் தாறியளோ? வாற ஆக்களுக்கு வாசிச்சு விளங்க வேணுமாம்" என்றாள். பிரசுரத்தோடு சிறு கண்ணாடிக் குப்பியொன்றும் இருந்தது. அதன் அடியில் வெண்ணிறத் தூள் சிறிது ஒட்டிக் கிடந்தது. கடல் கடந்து தபாலில் வந்த பொருள். நிறத்தைக் குறைக்கவல்ல செயற்கைப் பெப்தைட்டு என்று பிரசுரம் அதனை அறிமுகஞ் செய்தது. பொலிவு, இளமை, தன்னம்பிக்கை ஆகிய சொற்கள் அங்கே தாராளமாக இறைக்கப்பட்டிருந்தன. குப்பியின்மேல் ஒட்டியிருந்த தாளிலோ, கண்ணை இடுக்கிக்கொண்டே வாசிக்கவேண்டிய சிற்றெழுத்திலே, வேறொரு வாசகம் இருந்தது. அதன் தமிழ் இதுதான்: 'ஆய்வுகூட ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அன்று.'

ஒரே பொருளைப் பற்றி ஒன்றையொன்று மறுக்கின்ற இரண்டு வாசகங்கள். எதனை நம்பி மொழிபெயர்ப்பது? ஒரு வார அவகாசம் கேட்டு அவளை அனுப்பிவிட்டு, மறுநாள் எமது பாடசாலையின் உயிரியல் ஆசிரியரிடம் குப்பியின் கதையைச் சொன்னேன். அவர் மகிழ்ந்து போனார். தமிழ்ப் பகுதியிலிருந்து ஒருவர் உயிரிரசாயனம் கேட்டு வருவது அவருக்குப் புதுமை. பெப்தைட்டு, கலம், நொதியம், வாங்கி என அவர் தங்குதடையின்றித் தமிழிலே பேசிச் சென்றபோது, தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிப்பதற்காக 1950களிலும் 1960களிலும் இந்நாட்டிலே கலைச்சொல் ஆக்கிய அறிஞர்களை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். அவர் தந்தனவும் பின்னர் நானே தேடிப் படித்தனவுமே இனி நான் எழுதப்போகும் செய்திகள்.

கதை தவளையிலிருந்து தொடங்குகின்றது. 1916இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஸ்மித், அலன் என்போர், வெவ்வேறாகச் செய்த பரிசோதனைகளில், வாற்பேய்களின் கபச்சுரப்பியை நீக்கினால் அவற்றின் கருமை மறைந்து அவை வெளிறிவிடுவதைக் கண்டனர். மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியிலிருந்து தோலுக்கு ஏதோ செய்தி போகின்றது என்பது அதனால் உறுதியாயிற்று. அச்செய்தியைக் கொண்டு செல்லும் பொருளைத் தூய நிலையிற் பிரித்தெடுக்க மேலும் 40 ஆண்டுகள் சென்றன. யேல் பல்கலைக்கழகத்திலே ஆரன் லேர்னர் என்ற தோல் மருத்துவரின் குழுவினர், இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட பன்றிகளின் கபச்சுரப்பிகளிலிருந்து அந்த ஓமோனைப் பிரித்தனர்; 1957இல் அதன் கட்டமைப்பும் வெளியாயிற்று. 13 அமினோவமிலங்கள் ஒரு நூலிற் கோத்த மணிகள்போல் வரிசையாக அமைந்த சிறு பெப்தைட்டு அது. 1961இல் லேர்னரும் மக்குவயரும் அதனை மனிதருக்கு ஊசிமூலம் செலுத்தியபோது தோல் கறுத்தது. லேர்னர் இதற்கு எதிரான, வெளிறச் செய்யும் பொருளையும் தேடினார். இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் கூம்புச் சுரப்பிகளை ஆராய்ந்து 1958இல் அவர் கண்டெடுத்தது தவளையை வெளுக்கச் செய்தது; மனிதரின் நிறத்தை மாற்றும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. மெலற்றோனின் என்ற பெயரிலே இன்று உறக்கமின்மைக்கு விற்கப்படும் பொருள் அதுவே. விஞ்ஞானம் தேடிப் போவது ஒன்று, கையில் அகப்படுவது மற்றொன்று.

தோலினுள் நிகழ்வது என்ன என்பதே என் மனத்தை மிகவும் கவர்ந்த பகுதி. மேற்றோலின் அடிப்படையில் நிறக்கலங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளன. ஒவ்வொன்றும் கிளை கிளையாகக் கைகளை நீட்டி, அயலிலுள்ள ஏறக்குறைய 36 தோற்கலங்களுக்கு மெலனின் என்னும் நிறப்பொருள் நிரம்பிய மணிகளைப் பகிர்ந்தளிக்கின்றது. பெற்ற கலம் அம்மணிகளைத் தன் கருவின்மேல், சூரியனை நோக்கிய பக்கத்திலே, குடைபோல் அடுக்கி வைத்துக்கொள்கின்றது. பரம்பரைச் செய்தி முழுவதும் அக்கருவினுள் இருக்கின்றது. புற ஊதாக் கதிர் அதனைச் சிதைக்காதபடி காப்பதே இந்தக் குடையின் தொழில். அறியவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. கறுத்தவரின் தோலிலும் வெளுத்தவரின் தோலிலும், உடலின் அதே பகுதியை ஒப்பிட்டால், நிறக்கலங்களின் தொகை ஏறத்தாழ ஒன்றே. ஆபிரிக்கருக்கு ஆயிரம், ஐரோப்பியருக்கு நூறு என்ற கணக்கெல்லாம் அங்கே இல்லை. மணிகளின் பருமன், அவற்றின் தொகை, அவை கலத்தினுள் பரவிக் கிடக்கும் முறை, எவ்வகை மெலனின் ஆக்கப்படுகின்றது என்பன மட்டுமே வேறுபடுகின்றன. தொழிலாளர் தொகை எல்லாரிடத்தும் சமம். எவ்வளவு வேலை வாங்கப்படுகின்றது என்பதிலேதான் வேற்றுமை. நான் படித்த காலத்திலே எந்த ஆசிரியரும் இதனை எமக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எம்மோடு படித்த சில பெண்களின் பட்டப்பெயர்கள் சற்றுச் சீக்கிரமே செத்துப்போயிருக்கும்.

கபச்சுரப்பியின் ஓமோன் நேரே கலத்தினுள் நுழைவதில்லை. கலத்தின் மேற்பரப்பிலே வாங்கி என்ற பூட்டு ஒன்று உண்டு. ஓமோன் அதற்குரிய திறப்பு. திறப்பு திரும்பியதும் கலத்தினுள்ளே தைரோசினேசு என்னும் நொதியம் பெருகி மெலனினை ஆக்கத் தொடங்குகின்றது. இந்தப் பூட்டின் பரம்பரையலகு 1992இலே இனங்காணப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின், செம்மயிரும் எளிதில் வெந்துபோகும் தோலும் உடைய ஐரோப்பியர் பலரிடத்து இப்பூட்டிலே மாறுபாடு இருப்பது தெரியவந்தது. திறப்பு வந்து தட்டினாலும் அவர்களுடைய பூட்டுச் சரிவரத் திறப்பதில்லை.

இனி, செயற்கைப் பெப்தைட்டுக்கு வருவோம். பன்றிகளின் சுரப்பியை நம்பியிருந்த காலம் 1963இல் முடிவுக்கு வந்தது எனலாம். அவ்வாண்டிலே புரூஸ் மெரிபீல்ட் என்பவர், முதல் அமினோவமிலத்தைச் சிறு பிசின் மணியொன்றிலே பொருத்தி, அதன்மேல் ஒவ்வொன்றாக மற்றவற்றைக் கோத்து, இடையிடையே கழுவி, இறுதியில் முழுச் சங்கிலியையும் கழற்றியெடுக்கும் முறையை வெளியிட்டார். பூமாலை கட்டுபவர் நாரின் ஒரு நுனியைக் காற்பெருவிரலிலே மாட்டிக்கொள்வது போன்ற உபாயம் இது. 1984இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின், இயற்கை செய்த சங்கிலியிலே வேண்டிய மணியைக் கழற்றி வேறொன்றைக் கோத்துப் பார்க்கும் வசதி ஆய்வாளருக்கு உண்டாயிற்று.

அரிசோனாப் பல்கலைக்கழகத்திலே விக்டர் ஹ்ரூபி, மாக் ஹாட்லி முதலியோர் செய்தது இதுவே. அரிசோனா பாலைநிலம், வெயில் கடுமையானது, அங்கே குடியேறிய வெள்ளையரிடையே தோற்புற்றுநோய் மிகுதி. வெயிலிற் காயாமலே தோலைக் கறுக்கச் செய்ய முடியுமானால் அந்நோயைத் தடுக்கலாம் என்று அவர்கள் எண்ணினர். இயற்கை ஓமோன் இரத்தத்திலே சில நிமிடங்களுள் சிதைந்துவிடும். ஆனால், காரத்திலே இட்டுச் சூடாக்கிய ஓமோனின் செயல் நெடுநேரம் நீடிப்பதை அவர்கள் கவனித்தனர். ஏனென்று ஆராய்ந்தபோது, ஏழாம் இடத்திலுள்ள பினைலலனீன் தன் வடிவிலே புரண்டிருந்தது. வலக்கைக்கும் இடக்கைக்கும் உள்ள உறவே அமினோவமிலத்தின் இரு வடிவங்களுக்கும் உள்ளது. உயிர்கள் அவற்றுள் ஒரு கையை மட்டுமே பாவிக்கின்றன. ஆகவே மறுகையால் ஆன மணியை உடலின் நொதியங்களால் எளிதில் வெட்டமுடிவதில்லை. அந்த மணியை வேண்டுமென்றே மாற்றி, நான்காம் இடத்திலே காற்றுப் பட்டாற் கெடும் கந்தகம் கொண்ட மணியையும் நீக்கி, 1980இல் அவர்கள் புதிய பெப்தைட்டை வெளியிட்டனர். தவளைத் தோலிலும் பல்லித் தோலிலும் அதன் செயல் இயற்கை ஓமோனை வென்றது. மெலனோரான் என்று அது பெயர் பெற்றது. பின்னர் ஏழு மணிகளே கொண்ட, வளையமாகக் கட்டப்பட்ட இரண்டாம் மெலனோரானும் வந்தது.

இன்று உலகின் ஆய்வுகூடங்களிலே இத்தகைய பெப்தைட்டுகளைக் கொண்டு நடைபெறும் வேலையை எளிமையாகச் சொல்லலாம். சுண்டெலியின் கரும்புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட கலங்களைத் தட்டிலே இட்டு, அவற்றின்மேற் பெப்தைட்டுக் கரைசலை ஊற்றி, இரண்டு மூன்று நாட்களின் பின் கலங்களைத் திரட்டிப் பார்க்கின்றனர். திரள் கறுத்திருந்தால் பூட்டுத் திறந்தது. கறுக்காதிருந்தால் திறக்கவில்லை. பூட்டினுள் நுழைந்தும் திரும்பாது அடைத்து நிற்கின்ற திறப்புகளையும் செய்துள்ளனர். ஒன்பது அமினோவமிலங்களாலான அத்தகைய ஒன்று, நிறம் குறைக்கும் பூச்சுகளிலே சேர்க்கப்படுகின்றது. நான் கண்ட குப்பியின் பிரசுரம் அதனையே வருணித்தது. குப்பியினுள் இருந்த தூள் உண்மையில் அதுதானா, வேறொன்றா, எவ்வளவு தூயது என்பதை அறிவதற்கு அதனை வாங்கியவரிடம் எந்த வழியும் இல்லை. தட்டிலுள்ள கலத்திற்குத் தோல் இல்லை என்பதையும் உயிரியல் ஆசிரியர் சுட்டிக்காட்டினார். நீரிலே கரையும் பெப்தைட்டுத் தோலின் கொம்புப் படையை எளிதில் ஊடுருவாது. ஆகவே பூசுபவருக்குப் பெரும்பாலும் பயனில்லை; பயன் வேண்டி ஊசியால் ஏற்றுபவரோ, கிருமி நீக்கப்படாத, அளவறியாத பொருளைத் தம் இரத்தத்திற் கலக்கின்றார்.

ஒரே பூட்டுக்கு இரண்டு கடைகள் திறக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஐரோப்பாவிலே கடற்கரை விடுமுறைக்குப் போய் வந்தவர்போற் காட்சியளிக்க விரும்பும் வெள்ளையருக்கு, கறுக்கச் செய்யும் இரண்டாம் மெலனோரான் இரகசியமாக விற்கப்படுகின்றது. குமட்டல், மச்சங்கள் கறுத்து உருமாறல் முதலியவற்றை மருத்துவர் பதிவு செய்துள்ளனர். 2008இலேயே பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதனைப் பாவிக்கவேண்டாம் என எச்சரித்தது. ஆசியாவிலோ வெளுக்கச் செய்வதே வியாபாரம். மூன்று அமினோவமிலங்களாலான குளுற்றதயோன், நம் ஒவ்வொரு கலமும் தானே செய்துகொள்ளும் பெப்தைட்டு, நிறம் குறைக்கும் ஊசியாக விற்கப்படுகின்றது. 2011இல் பிலிப்பைன்ஸ் அரசின் உணவு, மருந்து நிருவாகம் அதுபற்றி எச்சரிக்கை விடுத்தது. அங்கே கருமை ஓய்வின் அடையாளம், இங்கே உழைப்பின் அடையாளம். இரு சந்தைகளிலும் விற்கப்படுவது வர்க்கத்தின் தோற்றமேயன்றி வேறில்லை. சட்டத்திலிருந்து தப்புவதற்கு இந்த வியாபாரிகள் கண்ட வாசகமே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்பது. மருந்து என்று எழுதினால் பரிசோதித்துக் காட்டவேண்டும், அனுமதி பெறவேண்டும். ஆராய்ச்சிப் பொருள் என்று எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. விஞ்ஞானியின் அடக்கமான சொல்லொன்று கள்ளவியாபாரியின் கவசமாகிவிட்டது.

குறித்த நாளிலே அப்பெண் வந்தாள். பிரசுரத்தை முழுமையாகத் தமிழாக்கி வைத்திருந்தேன். குப்பியிலிருந்த வாசகத்தைத் தாளின் தலையிலே, மற்றெல்லா எழுத்தினும் பெரிதாக எழுதியிருந்தேன். அவள் இரண்டுமுறை வாசித்தாள். "இதை அவ போட விடமாட்டா, ரீச்சர்" என்றாள். பின்பு, சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, முதல் ஊசியைத் தனக்கே போடுவதாக ஒழுங்கு செய்திருப்பதைச் சொன்னாள். கடையில் நிற்பவள் கறுப்பாயிருந்தால் வருபவர் எப்படி நம்புவர் என்று கேட்டார்களாம். செலவைக் கடையே ஏற்குமாம், சம்பளத்திலும் ஏதோ கூட்டித் தருவதாகப் பேச்சாம். வீட்டிலே தந்தைக்கு வேலையில்லை, தம்பி இன்னும் படிக்கின்றான். "வேண்டாம் என்று சொல்" எனக் கூறுவது மாதச் சம்பளம் பெறும் எனக்கு எளிது. ஆகவே அதனை நான் கூறவில்லை. நிறக்கலங்களைப் பற்றியும் குடையைப் பற்றியும் தாளிலே படம் வரைந்து, எனக்கு விளங்கிய அளவிலே சொன்னேன். "எல்லாருக்கும் ஒரே அளவோ?" என்று கேட்டாள். ஒரே அளவுதான் பிள்ளை என்றேன். தாளையும் படத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்த ஊசியை அவள் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டித் தருவதாகச் சொன்ன பணமும் வரவில்லை. வாடிக்கையாளர் அமரும் முன்பக்கத்திலிருந்து, தலைமயிர் கழுவும் பின்னறைக்கு அவள் மாற்றப்பட்டாள். இன்றும் அங்கேதான் வேலை செய்கின்றாள். அழகு நிலையங்களில் வேலை செய்யும் பெண்களுக்குச் சங்கம் ஏதும் உண்டா என்று தொழிற்சங்க நண்பரொருவரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு தொழில் இருப்பதே அவருடைய பட்டியலில் இல்லை.

இந்நிகழ்ச்சியை வேறொரு நண்பரிடம் கூறியபோது, அவர் ஆராய்ச்சியையே சாடினார். பட்டினியும் கடனும் உள்ள உலகிலே தோலின் நிறத்தை ஆராய்வது பணக்காரரின் பகட்டு என்பது அவர் கட்சி. அக்கட்சியை நான் ஏற்கவில்லை. எரித்திரோபொயற்றிக் புரோட்டோபோபிரியா என்றொரு நோய் உண்டு, பிறப்போடு வருவது. குருதியின் செந்நிறப்பொருளை ஆக்கும் இறுதிப் படியிலே ஒரு நொதியம் குறைவதால், இடைநிலைப் பொருளொன்று குருதியிலும் தோலிலும் தேங்குகின்றது. வெளிச்சம் பட்டதும் அது தோலினுள்ளே தீயாகின்றது. சில நிமிட வெயில் போதும். நோவு நாட்கணக்கில் நீடிக்கும். சாதாரண நோவுமருந்துகள் அதற்கு முன்னே பயனற்றவை. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் ஏதும் இல்லாமையால், நோவென்று அழுகின்ற குழந்தையைப் பெற்றோரும் ஆசிரியரும் நம்புவதில்லை. இந்நோயாளருக்கு மெலனின் என்னும் குடையே மருந்து. அரிசோனாவிலே பிறந்த அந்தப் பெப்தைட்டு, அபமெலனோரைட் என்ற பெயரிலே, தோலின்கீழ் இரண்டு மாதத்துக்கொருமுறை வைக்கப்படும் 16 மில்லிகிராம் குச்சியாக, 2014இல் ஐரோப்பாவிலும் 2019இல் அமெரிக்காவிலும் இவர்களுக்காக அனுமதிக்கப்பட்டது. வாழ்நாளெல்லாம் நிழலை எண்ணி எண்ணி நடந்தவர், வெளிச்சத்திலே நோவின்றிக் கழிக்கும் நேரம் அதனாற் கூடுகின்றது. வெளிறிய ஒருவருக்குக் கருமையை மருந்தாகக் கொடுக்கின்றனர். வெள்ளிவீதியார் இதனை அறிந்தால் வியப்படையார் என்றே நினைக்கின்றேன்.

அம்மருந்தின் உரிமை இப்பொழுது அவுஸ்திரேலிய நிறுவனமொன்றினுடையது. பொதுப் பல்கலைக்கழகமொன்றிலே, சம்பளம் பெறும் ஆசிரியரும் மாணவரும் தவளையையும் பல்லியையும் கொண்டு கண்டறிந்த பொருள், கைமாறிக் கைமாறி அங்கே சேர்ந்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்கு மருந்துகளை மதிப்பிடும் சபையின்முன் அது வந்தபோது குறிக்கப்பட்ட விலை, குச்சி ஒன்றுக்கு 12,000 பவுணுக்கு மேல். மருந்து பயன் தருகின்றது என்பதை அச்சபை மறுக்கவில்லை. அந்த விலைக்கு அப்பயன் ஈடாகாது என்று கணக்கிட்டு, 2023இல் அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. ஒரு மருத்துவமனையின் நிழலுக்கும் பேருந்து தரிப்பிடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை அடியால் அளந்து வைத்திருக்கின்ற அந்நோயாளர், சாளரத் திரையை இழுத்து மூடிவிட்டு, பொழுது சாயும்வரை காத்திருக்கின்றனர்.